அனைத்துத் தரை ஊர்தியைத் தேர்ந்தெடுத்தல்: ராதாபுரம் வட்டார நிலங்களை முன்வைத்து

அனைத்துத் தரை ஊர்தி என்பது சாலை இல்லாத மணல், சேறு, கல், மேடுபள்ளம் ஆகியவற்றின் மீது ஓடுவதற்கென அமைக்கப்பட்ட சிறு மோட்டார் வாகனம் ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது பேச்சு வழக்கில் ஏடிவி என்றும், நான்கு சக்கரம் கொண்டிருப்பதால் குவாட் பைக் என்றும் அழைக்கப்படுகிறது. இருசக்கர வாகனத்தைப் போல இருபுறமும் கால் போட்டு அமரும் இருக்கை, ஹேண்டில்பார், காற்றழுத்தம் குறைந்த அகன்ற டயர்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். பல நாடுகளில் இது பண்ணை வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுகிறது.

திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள ராதாபுரம் வட்டாரம் போன்ற வறண்ட, மணற்பாங்கான பகுதியில் இத்தகைய வாகனம் எந்த அளவுக்குப் பயன்படும், வாங்குவோர் எவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1970-ல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டியே இவ்வகையில் பரவலாக விற்ற முதல் வாகனம். பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை மந்தமாவதால், அக்காலத்திலும் விற்கக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று அங்கிருந்த விற்பனையாளர்கள் கேட்டதே அதன் தோற்றத்துக்குக் காரணம். பின்னர் உழவர்களும் வேட்டைக்காரர்களும் அதை வேலை வண்டியாக்கிக் கொண்டனர். மூன்று சக்கர வண்டிகள் திரும்பும்போது எளிதில் கவிழ்ந்து பலரைக் கொன்றதால், 1988-ல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அவற்றின் விற்பனையைத் தயாரிப்பாளர்கள் நிறுத்தினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சுசுகி நிறுவனம் நான்கு சக்கர மாதிரியைக் கொண்டுவந்திருந்தது. இன்று ஏடிவி என்றால் பெரும்பாலும் நான்கு சக்கர வண்டியையே குறிக்கும்.

தமிழ்நாட்டில் இவ்வண்டியைப் பொதுமக்கள் அதிகம் கண்டது சென்னை மெரினா கடற்கரையில் காவல்துறையினர் ரோந்து செல்லும்போதும், சுற்றுலாத் தலங்களின் விளையாட்டுத் தடங்களிலும்தான். வேளாண்மையில் இதன் பயன்பாடு இன்னும் குறைவு.

ராதாபுரம் வட்டார நிலம்

வாகனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அது ஓடப்போகும் தரையை அறிய வேண்டும். ராதாபுரம் வட்டாரம் மேற்கே மகேந்திரகிரி மலையடிவாரத்தில் தொடங்கிக் கிழக்கிலும் தெற்கிலும் கூடங்குளம், இடிந்தகரை, உவரி எனக் கடலோரம் வரை சரிந்து செல்கிறது. தாமிரபரணியின் நேரடிப் பாசனம் இப்பகுதிக்கு இல்லை. நம்பியாறு, அனுமன்நதி போன்ற சிற்றாறுகளும், கன்னியாகுமரி மாவட்ட அணைகளிலிருந்து வரும் ராதாபுரம் கால்வாயும், அதனால் நிரம்பும் 52 குளங்களும், கிணறுகளுமே நீராதாரம். அக்கால்வாயை நம்பிச் சுமார் 17,000 ஏக்கர் உள்ளது. எஞ்சியவை பெரும்பாலும் மானாவாரிப் புஞ்சைகளும் பனை விளைகளும்தான். முருங்கை, தென்னை, வாழை, பூச்செடிகள் ஆகியவை கிணற்றுப் பாசனத்தில் பயிராகின்றன.

முன்பு ராதாபுரம் வட்டத்தில் இருந்து பின்னர் தனி வட்டமான திசையன்விளைப் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் உள்ளன. இரும்பு ஆக்சைடு பூசிய நுண்மணல் என்பதால் தேரிக்கு அந்தச் சிவப்பு நிறம். கோடையில் கால் புதையும் இம்மணலில் குறுகிய டயர் கொண்ட வாகனங்கள் சிக்கிக்கொள்ளும். மலையடிவாரப் பக்கம் பாறையும் சரளையும் கலந்த தரை. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்வதால் முப்பந்தல் முதல் ராதாபுரம் வரை காற்றாலைகள் நிற்கின்றன. அதே காற்று ஆனி முதல் ஆவணி வரை மணலையும் புழுதியையும் கிளப்புகிறது. உடை மரமும் சீமைக் கருவேலமும் எங்கும் முள்ளைச் சிதறியிருக்கும். மணல், புழுதி, முள், கடலோர உப்புக்காற்று ஆகிய நான்குமே இங்கு எந்த வண்டிக்கும் சோதனை.

முதலில் கேட்க வேண்டியது

எந்த வண்டி நல்லது என்று கேட்பதற்கு முன் எந்த வேலைக்கு என்று கேட்பதே முறை. ஏடிவி உழவு வண்டி அன்று. பெரும்பாலான ஏடிவிகளில் ரோட்டவேட்டரைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டோ, கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் அமைப்போ கிடையாது. எடை குறைவு என்பதால் கடின மண்ணில் கொழு இறங்கும் அளவுக்கு இழுக்கவும் முடியாது. அது செய்வது மூன்று வேலைகளைத்தான்: ஆளை விரைவாகக் கொண்டுசேர்த்தல், சிறு சுமையை ஏற்றிச் செல்லுதல், இலேசான டிரெய்லரையோ தெளிப்பானையோ இழுத்தல்.

இவற்றை இன்று ராதாபுரம் வட்டாரத்தில் வேறு வண்டிகள் செய்துவருகின்றன. 1980-ல் வந்த டிவிஎஸ் 50-ம் அதன் வழிவந்த எக்ஸ்எல் வகைகளும் பனங்காட்டு ஒற்றையடிப் பாதையில் பதநீர்க் குடம் முதல் புல்லுக்கட்டு வரை சுமக்கின்றன. சந்தைக்குச் சுமை கொண்டுபோகக் குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டி உண்டு. உழவுக்கு வாடகை டிராக்டர் கிடைக்கிறது. மர வரிசைகளுக்கு இடையே உழ 15 குதிரைத்திறன் அளவிலான மினி டிராக்டர்களும் பவர் டில்லர்களும் உள்ளன. மினி டிராக்டர்களில் சில, ஏடிவியை விடக் குறுகலானவை.

ஆகவே ஒருவரது நிலம் ஐந்து ஏக்கருக்கு உட்பட்டு, ஒரே துண்டாக, வண்டிப் பாதையுடன் இருந்தால் ஏடிவி தேவைப்படுவது அரிது. நிலம் பல துண்டுகளாக மணலில் சிதறிக் கிடந்து, நாள்தோறும் மோட்டாரையும் சொட்டுநீர்க் குழாய்களையும் பார்த்துவர வேண்டியிருந்தால், அல்லது பெரிய தோப்பில் மருந்துத் தெளிப்பும் உரம் கொண்டுபோதலும் ஆண்டு முழுவதும் இருந்தால் அதற்கு இடம் உண்டு.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். பத்து ஏக்கர் முருங்கைக்கு, ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,000 லிட்டர். 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானில் 125 முறை நிரப்பிச் சுமக்க வேண்டும். வண்டி இழுக்கும் 100 லிட்டர் தொட்டியானால் 20 முறை நிரப்பினால் போதும். ஆள் கிடைக்காத காலத்தில் இந்த வேறுபாடு பெரியது. ஆனால் இதே வேலையை மினி டிராக்டரும் செய்யும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வகைகள்

பயன்பாட்டு ஏடிவி: 400 முதல் 700 சிசி வரையிலான எஞ்சின், முன்னும் பின்னும் சுமைத்தட்டு, இழுவைக் கொக்கி, நான்கு சக்கர இயக்கம் ஆகியவை இருக்கும். பண்ணைக்கு உரியது இதுவே.

விளையாட்டு ஏடிவி: எடை குறைவு, வேகம் மிகுதி, பின்சக்கர இயக்கம் மட்டும். சுமைத்தட்டு இராது. பண்ணை வேலைக்கு ஆகாது.

சிறுவர் ஏடிவி: 50 முதல் 125 சிசி வரையிலான சிறு வண்டிகள். இணைய விற்பனைத் தளங்களில் குறைந்த விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இவ்வகை. விலையைப் பார்த்து இதைத் தோட்ட வேலைக்கு வாங்குவோர் ஒரு பருவத்திலேயே ஏமாற்றம் அடைவர்.

பக்க இருக்கை வண்டி: ஸ்டீரிங் சக்கரம், அருகருகே இரண்டு இருக்கைகள், தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டகம், பின்புறம் சுமைப்பெட்டி கொண்டது. அகலமும் விலையும் கூடுதல். ஆனால் இருவர் செல்லவும் மூட்டை ஏற்றவும் ஏற்றது.

ஒரே வண்டியில் வேலையும் பொழுதுபோக்கும் வேண்டும் என்போர் பயன்பாட்டு வகையையே எடுக்க வேண்டும். வேலை வண்டியில் நிதானமாக உலா போகலாம். விளையாட்டு வண்டியில் உர மூட்டை ஏற்ற முடியாது.

கவனிக்க வேண்டிய உறுப்புகள்

இயக்கமும் கியரும்: தேரி மணலுக்கு நான்கு சக்கர இயக்கம் தேவை. இரண்டு, நான்கு என மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் எரிபொருள் மிச்சமாகும். பல ஏடிவிகளில் கியருக்குப் பதில் பெல்ட் மூலம் இயங்கும் தானியங்கி அமைப்பு உள்ளது. இதில் குறைவேக நிலை தனியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுமையை இழுக்கும்போது குறைவேக நிலைக்கு மாற்றாமல் ஓட்டினால் பெல்ட் சூடேறித் தேய்ந்து அறுந்துவிடும். இறக்கத்தில் எஞ்சினே வேகத்தைக் கட்டுப்படுத்தும் வசதி மலையடிவார நிலங்களுக்கு அவசியம்.

டயர்: ஏடிவி டயரின் காற்றழுத்தம் பொதுவாக 10 பி.எஸ்.ஐ.-க்கும் குறைவு. கார் டயரில் இது 30-ஐ ஒட்டி இருக்கும். அழுத்தம் குறைவதால் டயர் பரந்து படிந்து மணலில் புதையாமல் மிதக்கிறது. சாதாரண பஞ்சர் கடையின் அளவுமானி இவ்வளவு குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது என்பதால், தனி அளவுமானி ஒன்றை வண்டியுடன் வைத்திருப்பது நல்லது. காற்று மிகுந்தால் வண்டி துள்ளும். இடமும் வலமும் வேறுபட்டால் ஒரு பக்கம் இழுக்கும். முள் மிகுந்த இப்பகுதிக்கு ஆறு அடுக்கு அல்லது அதற்கு மேற்பட்ட அடுக்குள்ள டயரே தாங்கும். காய்ந்த பனை மட்டையின் கருக்கும் மரம் வெட்டிய அடிக்கட்டையும் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கக்கூடியவை.

வடிப்பானும் குளிர்விப்பும்: காற்று வடிப்பானைக் கருவியின்றிக் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதா என்பது இங்கு முக்கியமான கேள்வி. காற்றுக்காலத்தில் அதை அடிக்கடி பார்க்க வேண்டும். புழுதி எஞ்சினுக்குள் சென்றால் பிஸ்டன் தேய்ந்து செலவு பெரிதாகும். மெதுவாகச் சுமை இழுக்கும் வேலைக்கு நீர்க்குளிர்விப்பு எஞ்சின் ஏற்றது. அதன் ரேடியேட்டர் புல்லும் மண்ணும் அடையாத உயரத்தில் இருக்க வேண்டும்.

சுமைத்திறன்: நடுத்தர ஏடிவிகளின் முன்தட்டு 40 கிலோ அளவும் பின்தட்டு 80 கிலோ அளவும் தாங்கும். சரியான அளவு வண்டியின் மீதே ஒட்டப்பட்டிருக்கும். 50 கிலோ உர மூட்டை ஒன்றைப் பின்தட்டில் வைக்கலாம், இரண்டை வைக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பாதி நிரம்பிய தொட்டி, நீர் அலம்புவதால் நிரம்பிய தொட்டியை விட நிலைகுலைக்கும்.

இழுவை: கயிற்றையோ சங்கிலியையோ பின்புறக் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். சுமைத்தட்டில் கட்டி இழுத்தால் முன்சக்கரம் தூக்கி வண்டி ஓட்டுநர் மீதே பின்னோக்கிக் கவிழும்.

பதிவும் சட்டமும்

இந்தியாவில் விற்கப்படும் ஏடிவிகளில் பெரும்பாலானவை சாலையில் ஓட்ட ஒப்புதல் பெறாதவை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன்படி பொது இடத்தில் ஓடும் எந்த மோட்டார் வாகனத்துக்கும் பதிவும், மூன்றாம் தரப்புக் காப்பீடும், ஓட்டுநருக்கு உரிமமும் தேவை. ஊரிலிருந்து விளைக்குப் போகும் வழியில் பஞ்சாயத்துச் சாலையைக் கடப்பதும் பொது இடத்தில் ஓட்டுவதே. பதிவில்லாத வண்டி அங்கு ஒருவர் மீது மோதினால் காப்பீட்டு நிறுவனம் வராது. இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். நிலத்தை விற்றுக் கட்ட வேண்டிய தொகையாகவும் அது இருக்கலாம்.

இதற்கு விலக்காக, பொலாரிஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 மாதிரியை டிராக்டர் வகையில் ஒப்புதல் பெற்று 2021-ல் இந்தியாவில் அறிமுகம் செய்தது. 567 சிசி, 34 குதிரைத்திறன் கொண்ட அதன் அறிமுக விலை சுமார் 8 இலட்சம் ரூபாய். எந்த மாதிரியானாலும், சாலை ஒப்புதல் சான்று உண்டா, எந்த வகையில் பதிவாகும் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். விற்பனையாளரின் வாய்மொழி போதாது.

வேளாண் இயந்திரங்களுக்கான அரசு மானியம் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள மாதிரிகளுக்கே கிடைக்கும். அதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம். அத்துறையின் இயந்திரங்களை உழவன் செயலி வழியே வாடகைக்கும் பெறலாம்.

செலவும் உதிரிபாகங்களும்

8 இலட்சம் ரூபாய் வண்டி பத்தாண்டு உழைத்தால், வட்டியும் எரிபொருளும் பழுதும் சேர்க்காமலே ஆண்டுக்கு 80,000 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு நூறு நாள் ஓடினால் நாளொன்றுக்கு 800 ரூபாய். இத்தொகையை அதே வேலைக்கான கூலியுடனும் வாடகையுடனும் ஒப்பிட்டுப் பார்த்தால் முடிவு தெளிவாகும்.

உதிரிபாகம் கிடைக்குமா என்பது விலையை விட முக்கியம். ஐஷர் நிறுவனமும் பொலாரிஸும் சேர்ந்து 2015-ல் மல்டிக்ஸ் என்ற வண்டியைக் கொண்டுவந்தன. குடும்பம் போகவும், சுமை ஏற்றவும், 3 கிலோவாட் மின்சாரம் தந்து பம்புசெட் ஓட்டவும் ஏற்ற, இந்தியச் சிற்றூர்களை எண்ணி வடிவமைத்த டீசல் வண்டி அது. எதிர்பார்த்த விற்பனை இல்லாததால் 2018-ல் அக்கூட்டு நிறுவனம் தன் செயல்பாட்டை நிறுத்தியது. நல்ல எண்ணத்தில் உருவான வண்டியும் தயாரிப்பு நின்றால் வாங்கியவருக்கு உதிரிபாகக் கவலையைத் தரும். எனவே பெல்ட், வடிப்பான், பிரேக் பட்டை, டயர் ஆகியவை திருநெல்வேலியிலோ நாகர்கோவிலிலோ கிடைக்கின்றனவா, வள்ளியூர் மெக்கானிக் கைவைக்கத் துணிவாரா என்று விசாரித்த பிறகே வாங்க வேண்டும்.

பொழுதுபோக்குப் பயன்பாடு

சொந்த நிலத்தில் தடம் அமைத்து ஓட்டுவதே சிக்கலற்றது. தேரி வெற்று மணல்மேடாகத் தோன்றினாலும் அதன் மேற்பரப்பைப் புல்லும் புதர்களும் பிடித்து வைத்துள்ளன. சக்கரங்கள் அதைக் கிழித்தால் அடுத்த காற்றுக்காலத்தில் மணல் கிளம்பி அண்டை விளையை மூடும். நெல்லைச் சீமைத் தேரிகளில் கற்கால மனிதர் பயன்படுத்திய நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. அவற்றைப் பற்றி சாய்னரும் பிரிஜிட் ஆல்சினும் எழுதிய ஆய்வு 1956-ல் வெளியானது. அத்தகைய தடயங்களும் சக்கரத்தடியில் சிதையும்.

கடற்கரையில் ஓட்டுவது மேலும் சிக்கலானது. உயிர்ப்புள்ள மணல்மேடுகளை மாற்றியமைப்பதைக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2019 தடை செய்கிறது. பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணலைச் சக்கரம் அழுத்தினால் முட்டைகள் நசுங்கும். அவ்வாமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுவது. மேற்கே மலைக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி வண்டியுடன் நுழைவது குற்றம்.

பாதுகாப்பு

ஏடிவி விபத்துகளில் உயிர் போவதற்கு முதன்மைக் காரணம் வண்டி உருண்டு கவிழ்வதே. 300 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி மார்பின் மீது விழுந்தால், எலும்பு முறியாவிட்டாலும் மூச்சுத் திணறி உயிர் போகும். தனியாகத் தோட்டத்தில் இருப்பவரைத் தூக்கிவிட ஆள் இருக்காது. பண்ணைகளில் தொடர்ந்த இத்தகைய இறப்புகளால், 2021 அக்டோபர் முதல் ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் புதிய பொதுப்பயன்பாட்டு ஏடிவிகள் அனைத்திலும், கவிழ்ந்தால் ஓட்டுநருக்கு இடைவெளி தரும் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது. இங்கு அவ்விதி இல்லை. எனினும் வாங்குவோர் கேட்டுப் பொருத்திக்கொள்ளலாம்.

ராதாபுரம் வட்டாரத்துக்கெனச் சில ஆபத்துகள் உண்டு. கைப்பிடிச் சுவர் இல்லாத பாசனக் கிணறுகளும் கைவிட்ட கல்குழிகளும் புல் மறைத்த நிலையில் கிடக்கின்றன. குளத்துக் கரையின் ஓரம் மழைக்காலத்தில் இடியும். மின்கம்பங்களைத் தாங்கும் இழுகம்பிகள் மாலை வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியா. வண்டி வாங்கியதும் நிலத்தை முதலில் நடந்து பார்த்து, இவ்விடங்களுக்கு வெள்ளையடித்த கல்லோ முள்வேலியோ வைப்பது செய்ய வேண்டிய முதல் வேலை.

- தலைக்கவசமும் காலணியும் இன்றி, தன் விளைக்குள்ளும் ஓட்டக் கூடாது.
- ஓர் இருக்கை வண்டியில் இருவர் ஏறக் கூடாது. ஓட்டுநர் சரிவுக்கேற்ப உடலைச் சாய்த்தே வண்டியை நிலைநிறுத்துகிறார். பின்னால் இருப்பவர் அதைக் கெடுப்பார்.
- சரிவில் குறுக்காக ஓட்டாமல் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும்.
- 16 வயது நிரம்பாதவர்கள் ஏடிவி ஓட்டவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்துகிறது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பு. எனவே சாவியை வண்டியில் விட்டுவைக்கக் கூடாது.
- தனியாகச் செல்வோர் கைபேசியை வண்டியில் வைக்காமல் சட்டைப்பையில் வைக்க வேண்டும்.

தேர்வுக்கான சுருக்கம்

நிலம் சிறியது, பாதை உண்டு என்றால் மொபெட்டும் வாடகை டிராக்டரும் போதும். உழவும் தெளிப்பும் சேர்ந்து வேண்டும் என்றால் மினி டிராக்டர். மணலில் சிதறிய பெரிய தோப்பு, ஆண்டு முழுவதும் இலேசான சுமை என்றால் சாலை ஒப்புதல் பெற்ற, நான்கு சக்கர இயக்கமுள்ள பயன்பாட்டு ஏடிவி. இருவர் சேர்ந்தே போகும் வேலை என்றால் பக்க இருக்கை வண்டி. பொழுதுபோக்கு மட்டும் என்றால் வாங்குவதை விடத் தடம் உள்ள இடத்தில் கட்டணம் செலுத்தி ஓட்டுவதே சிக்கனம். வாங்க முடிவு செய்தவர்கள் விற்பனையகத்தின் தார்த்தரையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காமல், தம் சொந்த மணலில், தாம் ஏற்றப்போகும் சுமையுடன் ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பது நல்லது.